ஒரு ஆளுக்கான ஸ்பிரிங்

ஜனவரி 8

மாடிக்காரருக்கு,

இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நவம்பரில் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்து அது. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இதுவும் அதற்குப் பதில் இல்லை. இது பைக்கைப் பற்றியது மட்டும்.

முன்பக்கம் கல் மாதிரி இருக்கிறது. நீங்கள் அந்தத் தீவுக்குப் போவதற்கு முன்னால், நாம் இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு ஊர் சுற்றுகிறோமே என்று, முன் ஃபோர்க்கில் இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கெட்டியான ஸ்பிரிங் போட்டீர்கள். அப்போது ஓட்டியது நீங்கள். ஹேண்டில்பார் மேல் இருந்தது உங்கள் பாரம். இப்போது ஓட்டுவது நான். பல்செட்டு செய்கிற என் லேபிலிருந்து மலைமேல் இருக்கிற கிளினிக்குக்குப் பல் அச்சு எடுக்கப் போய் வருகிறேன். அந்தச் சாலையைப் போன மழை அரித்துப் போட்டுவிட்டது. ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை என் மணிக்கட்டு வாங்குகிறது.

எனக்கு ஏற்ற மாதிரி மெல்லிய ஸ்பிரிங் மாற்றப் போகிறேன். இப்போது உள்ளே இருப்பதன் நம்பர் என்ன? அது தெரிந்தால்தான் எவ்வளவு குறைப்பது என்று சொல்ல முடியும் என்கிறார் மெக்கானிக்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனது, சரி செய்தாகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் மனைவி


ஜனவரி 30

பல்லிக்கு,

நீ 'உங்கள் மனைவி' என்று கையெழுத்துப் போட்டாலும் நான் பல்லி என்றுதான் கூப்பிடுவேன். பல் செய்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பது? கிரேன் உச்சியில் உட்காருகிறவனுக்கு நீ மாடிக்காரர் என்று வைத்த மாதிரிதான்.

தபால் பையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிரேனில் ஏறிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அலைத் தடுப்புச் சுவருக்குக் கல் தூக்கிக் கடலில் வைத்தேன். ஒவ்வொரு கல்லும் ஒரு லாரி அளவு. கீழே நின்று கொடி காட்டுகிறவர், "என்னய்யா, இன்னைக்குப் பூ வைக்கிற மாதிரி வைக்கிற?" என்றார். பையில் கடிதம் இருக்கிறவன் அப்படித்தான் வைப்பான். சாயங்காலம் இறங்கி, கை கழுவி, பிரித்தால், 'இது பைக்கைப் பற்றியது மட்டும்'.

சரி, பைக்கைப் பற்றியே பேசுவோம். ஸ்பிரிங்கில் கை வைப்பதற்கு முன்னால் டயரில் காற்றைப் பார். மெக்கானிக் எப்போதும் கூடுதலாகத்தான் அடிப்பார். அப்புறம் ஃபோர்க் ஆயில். நான் ஊற்றியது கொஞ்சம் கனமான ஆயில், அதை மாற்றினாலே பாதி கஷ்டம் தீரும்.

அதுவும் போதாது என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங் கிடைக்கிறது. லேசாக அமுக்கினால் மெத்தென்று இறங்கும். போகப் போகக் கெட்டியாகும். உனக்கும் ஆகும், எனக்கும் ஆகும். நீ சொல்கிற மாதிரி உன் ஒருத்தி கணக்குக்கு மட்டும் மெல்லியதாகப் போட்டுவிட்டால், நான் வந்து உட்கார்ந்து ஒரு பிரேக் பிடித்தேன் என்றால் முன்பக்கம் அப்படியே தரையை மோந்து பார்க்கும். நான் வரமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாயா? அப்படியானால் சொல்லிவிடு. நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை.

இங்கே முகாம் ஆபீசில் இருக்கிற ஒரே போனுக்கு எப்போதும் வரிசையில் ஆள் நிற்கிறது. போன தடவை பேசும்போது நீ வைத்துவிட்டாய். வைத்தது தெரியாமல் நான் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன்
மாடிக்காரன்


பிப்ரவரி 19

மாடிக்காரருக்கு,

நம்பர் ஞாபகம் இல்லையாம். நம் கல்யாணத்துக்கு யார் யார் எந்த வண்டியில் வந்தார்கள் என்று நம்பரோடு சொல்கிற ஆள் நீங்கள்.

காற்றைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஆயிலையும் மாற்றச் சொல்லி மாற்றியாகிவிட்டது. கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

நான் விழவில்லை. அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். போன வாரம் கிளினிக்கிலிருந்து இறங்கி வரும்போது, பால் லாரிகள் திரும்புகிற அந்த வளைவில் சாலை துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருந்தது. வண்டியைச் சாய்த்திருந்தேன். ஸ்பிரிங் கொஞ்சமாவது அமுங்கினால்தானே சக்கரம் ஒவ்வொரு வரியிலும் இறங்கி ஏறும்? என் பாரத்துக்கு அது அசையவே இல்லை. சக்கரம் வரிக்கு வரி தாவித் தாவி வெளிப்பக்கம் நகர்ந்தது. எதிரே லாரி. லாரிக்காரர் ஒதுங்கிக் கொடுத்தார். சாலையின் மறு ஓரத்தில், மண்ணில், வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏம்மா, பிரேக் பிடிக்கலையா?" என்று கேட்டார். "பிடிச்சுதுங்க. முன்சக்கரம் தரையில இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு உங்களை நினைத்ததில் எனக்கு என் மேலேயே கோபம்.

அடுத்த நாள் லேபில் ஒரு பெண்ணுக்கு முன்பல் செதுக்கிக்கொண்டிருந்தேன். மெழுகுதான், ஆனாலும் அரிசி நுனி அளவு தப்பினால் சிரிப்பே மாறிவிடும். விரல் மரத்துப் போய்க் கத்தி வழுக்கியது. மறுபடி முதலிலிருந்து. என் கை எனக்குச் சோறு போடுகிற கை.

உங்கள் ரெண்டுங்கெட்டான் ஸ்பிரிங் எனக்கு வேண்டாம். கடைக்காரரிடம் விசாரித்தேன். அது மோசமான சாமான் இல்லை, நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் பிரேக் பிடித்தால் முதலில் சர்ரென்று இறங்கும், அப்புறம் திடீரென்று முட்டுக்கொடுக்கும் என்றார். எனக்கு முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி அமுங்குகிற ஸ்பிரிங்தான் வேண்டும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு இறங்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நடுவில் குணம் மாறுகிற எதையும் நம்பி அந்த மலையில் இறங்க என்னால் முடியாது.

நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று முடிவு செய்தது நான் இல்லை. கையெழுத்துப் போட்டது நீங்கள்.

நம்பர் சொல்லுங்கள்.

பி.கு. அந்தப் போனை நான் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று.


மார்ச் 11

பல்லி,

புள்ளி தொண்ணூற்றைந்து. ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் கேட்கிற ஸ்பிரிங். உன் எடையில் ஒருத்திக்கு அது பாறை.

நீ விழவில்லை என்று முதல் வரியில் எழுதியும் என்னால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் படித்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கொடிக்காரர் பின்னாலேயே வந்தார். "வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்றார். "ஒன்னும் இல்ல, ஸ்பிரிங் கெட்டியா இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நான் சொல்கிறபடி அளந்து அனுப்பு. முதலில் வண்டியை முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். ஃபோர்க்கில் பளபளவென்று தெரிகிற குழாய் இருக்கிறதே, அது எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அள. அப்புறம் வண்டியை இறக்கி, நீ ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, மலைக்குப் போகும்போது எடுத்துப் போகிற பையையும் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார். யாராவது பின்னாலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது மறுபடி அந்தக் குழாயை அளக்கச் சொல். முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீ உட்கார்ந்ததும் வண்டி இறங்குகிற இறக்கம். நம் வண்டிக்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர் இருந்தால் சொகுசு. இருபதுகூட இல்லை என்றால் நீ சொன்னது எல்லாமே சரி, நான் சொன்னது எல்லாமே வீம்பு.

உன் எடையும் வேண்டும். அந்த உடுப்போடு சேர்த்து.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கும் என் எடை தெரிந்துகொள்ள ஆசை வந்தது. இந்தத் தீவில் தராசு கிடையாது. கிரேனில் எவ்வளவு தூக்குகிறோம் என்று காட்டுகிற மீட்டர் உண்டு. கொடிக்காரரை உதவிக்கு வைத்துக்கொண்டு, பெல்ட் மாட்டிக் கொக்கியில் தொங்கினேன். மாற்று ஆப்பரேட்டர் கேபினில் இருந்தார். "என்ன காட்டுது?" என்று கத்தினேன். "சைபர்" என்றார். "நல்லா பாருங்க." "நல்லாதாம்ப்பா பாத்தேன். சைபர்தான் காட்டுது." அது டன் கணக்கில் பார்க்கிற மீட்டர். மனுஷன் எல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரூமுக்கு வந்த பிறகு அந்தச் சைபர் மட்டும் மனசில் உட்கார்ந்துகொண்டது.

சீக்கிரம் அளந்து அனுப்பு. அதுவரை அந்த வளைவில் முதல் கியரில் போ. என் மேல் இருக்கிற கோபத்தை அந்த ரோட்டில் காட்டாதே.


மார்ச் 31

மாடிக்காரருக்கு,

அளந்தாகிவிட்டது. மேல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசிலோடுதான் மாடிப்படியே இறங்குவார். வண்டியைப் பிடிக்க அவர், டேப்போடு முட்டிபோட்டு உட்கார்ந்து அளக்க அவருடைய வீட்டுக்காரர்.

"அசையாம இரு" என்றார் அக்கா.

"நான் அசையலக்கா."

"மூச்சு விடுற இல்ல, அதுல வண்டி ஏறி இறங்குது."

"மூச்சு விடாம எப்படிக்கா இருக்கறது?"

"இவரு அளந்து முடிக்கிற வரைக்கும் விடாத. ஏங்க, சட்டுனு பாருங்க, பொண்ணு நீலமாயிடுவா."

வித்தியாசம் பதினான்கு மில்லிமீட்டர். நீங்கள் எழுதியதை நீங்களே ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கூரியர் ஆபீசில் பார்சல் நிறுக்கிற மெஷினில் பார்த்தேன். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, பை எல்லாம் சேர்த்து ஐம்பத்தொன்று. கவுன்டரில் இருந்த பெண், "எங்க அனுப்பணும்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் சட்டென்று மெஷினிலிருந்து இறங்கிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஜனவரியிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்தது, பைக்கை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? அக்டோபரில் லீவில் வந்தபோது நன்றாகத்தானே இருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் போய் நவம்பரில் நாலு வரியில் எழுதுகிறீர்கள், யாருக்கோ எழுதுகிற மாதிரி. நான் என்ன செய்தேன்?


ஏப்ரல் 21

பல்லி,

முதலில் ஸ்பிரிங். புள்ளி எழுபத்தைந்து, முழுக்க ஒரே சீராகச் சுற்றியது. நீ கேட்டபடியே. ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் ஜோடியாக வாங்கு, ஒன்றை மட்டும் மாற்றுகிற பேச்சே வேண்டாம். புது ஸ்பிரிங் பழையதைவிட நீளம் குறைவாக இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டு வைத்து ஈடு கட்ட வேண்டும். அதை வெட்டும்போது இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரமாக இருக்கட்டும். அதை நீயே வெட்டு. மெக்கானிக் கையைவிட உன் கை நிதானமான கை. ஃபோர்க் மூடியைத் திறக்கும் முன்னால் முன்சக்கரம் அந்தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் மூடியைப் பீரங்கி மாதிரி அடிக்கும்.

அடுத்து எடை. அந்த உடுப்பும் பையும் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கழித்துப் பார்த்தேன். நீ எழுதும்போது கை தப்பியிருக்கும் என்று நினைத்தேன். நீ கை தப்புகிறவள் இல்லை. என்ன சாப்பிடுகிறாய்? எப்போது சாப்பிடுகிறாய்? அக்கா வீட்டில் போய்ச் சாப்பிடக் கூடாதா? அவ்வளவுதான் கேட்பேன், கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டது.

அக்டோபரில் வந்து இறங்கினேன். வீடு பளிச்சென்று இருந்தது. என் அலமாரியைத் திறந்தால் உள்ளே யாருடையதோ தாடை அச்சு சிரித்துக்கொண்டிருந்தது. என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் போட்டிருந்தாய். எதிலும் தப்பில்லை. ஆள் இல்லாத அலமாரியை எதற்குச் சும்மா வைத்திருக்க வேண்டும்? மோட்டார் போடப் போனால் சுவிட்ச் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. காலையில் நான் குளிக்கப் போன நேரம் நீ குளிக்கிற நேரம். சமையல்கட்டில் எங்கே நின்றாலும் உனக்கு வழியில் நின்றேன். இரண்டாம் நாள் காலையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே, "எப்ப படகு?" என்று கேட்டாய்.

அவ்வளவுதான். வந்த மறுநாளே எப்போது கிளம்புவாய் என்று கேட்டுவிட்டாள், நான் இல்லாமல் இவளுக்கு எல்லாம் ஓடுகிறது என்று நினைத்தேன். இங்கே திரும்பியதும் காகிதத்தை நீட்டினார்கள். போட்டுவிட்டேன். இங்கே நான் இல்லாவிட்டால் கல் கடலுக்குப் போகாது. அங்கே நான் இல்லாவிட்டால் என்ன நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு நீ பைக்குக்கும் உன் எடைக்குத்தான் ஸ்பிரிங் என்று எழுதினாய். சரி, கடைசி இடமும் போயிற்று என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் நம்பரை ஒளித்தேன்.

புள்ளி எழுபத்தைந்து. மறக்காதே.


மே 10

என்னங்க,

ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களை உலுக்க வேண்டும் போல இருந்தது. நடுவில் கடல் இருந்ததால் தப்பித்தீர்கள்.

"எப்ப படகு?" என்று கேட்டேன். ஆமாம். லேபில் லீவு கேட்பதற்காகக் கேட்டேன். நீங்கள் வருகிற தேதி கடைசி நிமிடம் வரை எனக்குத் தெரியாது, அதனால் முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியவில்லை. நீங்கள் என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று தெரிந்தால் அதுவரைக்கும் மொத்தமாக லீவு போடலாம் என்று இருந்தேன். நீங்கள் "ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டீர்கள். அன்று மதியம் முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கினேன். சாயங்காலம் வந்து சொல்லலாம் என்றால் நீங்கள் சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டிருந்தீர்கள். மறுநாள் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு லேப்ல வேலை இல்லையா?" என்று கேட்டீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க நான் உங்களுக்காக வீட்டில் இருந்தேன். நீங்கள் எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று வெளியே இருந்தீர்கள்.

இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் செய்தேன்.

ஸ்பிரிங் வந்தது. குழாய்த்துண்டை நானே வெட்டினேன், மெழுகு சீவுகிற கத்தியால் ஓரம் சீவி இரண்டையும் கண்ணாடி மேல் நிறுத்திப் பார்த்தேன். நம் மெக்கானிக் எதற்கும் "ஆமாங்க" சொல்கிறவர், உங்களுக்குத் தெரியுமே. "முன்சக்கரத்த தூக்கிட்டீங்களா?" என்றேன். "ஆமாங்க." "நல்லா தூக்கிட்டீங்களா?" "ஆமாங்க." தூக்கவில்லை. மூடி பறந்து டியூப்லைட்டை உடைத்தது. ஒர்க்‌ஷாப் முழுக்கக் கண்ணாடித் தூள், மெக்கானிக் மேசைக்கு அடியில். "ஒன்னும் ஆகலையே?" என்றேன். "ஆமாங்க" என்றார்.

மாட்டி முடித்து மறுபடி அளந்தோம். இறக்கம் முப்பத்து நாலு.

மலைக்குப் போனேன். அந்த வளைவுக்கு வந்ததும் உடம்பு தானாக இறுகியது. பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் தலையாட்டுகிற மாதிரி மெல்ல இறங்கி, அங்கேயே நின்றது. வரிவரியான இடத்தில் சாய்த்தேன். சக்கரம் ஒவ்வொரு வரியையும் தடவிக்கொண்டு போனது. கைக்கு ஒன்றுமே வரவில்லை. மேலே போய் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். இறங்கி ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? கிளினிக் வாசலில் ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? கை நன்றாக இருக்கும்போதுதான் மற்றதெல்லாம் வலிக்கிறது.

நீங்கள் வந்தால் எதில் உட்காருவீர்கள் என்று ஜனவரியில் கேட்காமல் கேட்டிருந்தீர்கள். பின்சீட்டில் உட்காருங்கள். பின்னால் உட்காருகிற ஆளின் பாரத்தில் பெரும்பகுதியைப் பின்பக்க ஸ்பிரிங்தான் தாங்கும் என்று கடைக்காரரும் சொன்னார். அதைக் கெட்டியாக்கக் கீழே ஒரு வளையம் இருக்கிறது, சாவி போட்டுத் திருப்பினால் போதும். முன்பக்கம் என்னுடையது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்பக்கத்தை உங்கள் எடைக்குத் திருப்பி வைக்கிறேன்.

அலமாரியைக் காலி செய்துவிட்டேன். தாடைகள் இப்போது ஜன்னல் ஓரத்தில் சிரிக்கின்றன.

பல்லி


மே 27

பல்லி,

கடிதத்தின் அடியில் நீ போட்டிருந்த பேரைப் பார்த்ததும் மீதியைப் படிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மறுநாளே அதிகாரியிடம் போனேன். ஊருக்குப் போக வேண்டும், கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "போங்க, யார் வேணான்னது? உங்க சீட்ல உக்கார ஆள் வரட்டும்" என்றார். ஆள் கேட்டு எழுதினார். பதில் வந்தது. ஆள் இல்லை. மாற்று ஆப்பரேட்டருக்குக் கால் சுளுக்கி, ஏணி ஏற முடியாமல் கிடக்கிறார். கடல் கொந்தளிக்கும் முன்னால் சுவரின் முனையில் கல் அடுக்கி முடிக்க வேண்டும். விட்டால் இரண்டு வருட வேலையை அலை ஒரே சீசனில் கொண்டுபோய்விடும். அந்தச் சுவரை நம்பித்தான் இந்தப் பக்கத்து மீன்படகுகள் எல்லாம் உள்ளே நிற்கின்றன. இறங்கி வந்துவிடலாமா என்று ஏணி வரைக்கும் போய் நினைத்தேன். முடியவில்லை. நீயும் பாதிப் பல்லில் எழுந்து போகிறவள் இல்லை, உனக்குப் புரியும்.

ஜூன் 14 கடைசிப் படகு, அன்றைக்கும் நான் கேபினில்தான் இருப்பேன். அதற்கப்புறம் கடல் மூடிவிடும். அக்டோபர் வரைக்கும் ஆளும் வராது, தபாலும் வராது. ஆபீஸ் போனும் காற்றடிக்கிற மாதங்களில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. நீ இதைப் படித்து ஒரு கடிதம் போட்டால் அந்தப் படகில் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டுதான் நான் ஓட்ட வேண்டும். நீளமாக எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, மோட்டார் ரிப்பேர் ஆனதைக்கூட எழுது.

காற்று நின்றுபோகிற நாளில் கேபினிலிருந்து கரை தெரியும். பென்சிலில் இழுத்த கோடு மாதிரி. அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நம் மலை என்று இத்தனை நாள் தெரியாது. இப்போது தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை.

நான் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிறவனுக்கு ஹேண்டில்பார் இருக்கிறது. பின்னால் இருப்பவன் கையை எங்கே வைத்துக்கொள்வான்? நீ இத்தனை வருடம் உட்கார்ந்து வந்தாயே, ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

உன்
மாடிக்காரன்


ஜூன் 14

மாடிக்காரருக்கு,

நீளமாக எழுதச் சொன்னீர்கள். முடியவில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று அந்த ஒரே போனுக்குக் கூப்பிட்டேன். உங்களைக் கூப்பிடவில்லை. உங்கள் அதிகாரியைக் கேட்டேன். அவர் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை விசில் அடித்தது. நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சார், மேல் பல்செட்டு உடைஞ்சிருக்கா?" என்றேன்.

"எப்படிம்மா தெரியும்?"

"கேட்டாலே தெரியும் சார். எப்ப உடைஞ்சது?"

"ரெண்டு மாசமாச்சு. கஞ்சிதான் குடிக்கிறேன்."

அப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது. முகாமில் பல் வலிக்காரர்களுக்கு டாக்டர் வந்தால்தான் ஆகும், அது என் வேலை இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். உடைந்த செட்டை ஒட்டுவது, புதுசு செய்வது என் வேலை. வேறு இரண்டு மூன்று பேருக்கும் அப்படி இருக்கிறதாம். ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற அறையைத் தருகிறேன் என்றார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தார், பாவம்.

லேப் முதலாளியிடம் இந்தத் தடவை லீவு கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன். அக்கா வாசல்வரை வந்து விசில் ஊதி வழியனுப்பினார்.

கடலோரச் சாலை முழுக்க நானே ஓட்டி வந்தேன். பாலம் உடைந்த இடம், மணல் மேவின இடம், செம்மண் ரோடு, எல்லாம். பின்சீட்டில் மெழுகுப் பெட்டியும் அச்சு வார்க்கிற மாவுமூட்டையும். வண்டி ஒரு இடத்தில்கூட என்னைப் பயமுறுத்தவில்லை. துறைமுகத்தில் ஐஸ் ஃபாக்டரிக்காரர் ஷெட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் அதன் மேலேயே இருக்கிறது.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். எழுதித் தெரிகிற விஷயம் இல்லை அது.

படகு இப்போது சுவரைச் சுற்றி உள்ளே வந்துவிட்டது. உங்கள் கிரேன் தெரிகிறது. உள்ளே ஆள் இருப்பதும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கையில் கொடியோடு ஒருவர் கீழே நிற்கிறார். உங்கள் கொடிக்காரராகத்தான் இருக்க வேண்டும். இதை அவரிடம் கொடுத்து மேலே அனுப்பப் போகிறேன். சாமான் இறக்கியதும் படகு திரும்பிப் போகும். அதில் நான் இருக்க மாட்டேன்.

கொக்கியில் கல் தொங்கினால் முதலில் அதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் ஏணியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள். அவசரம் வேண்டாம். அக்டோபர் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

பல்லி